ஜெயிலா, பட்டாளமா

வெர்லின் ஸ்லோன் பட்டாளத்துக்குப் போனதே ஒரு வண்டியைத் திருடியதால்தான். அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. மறைப்பதென்ன, அவருடைய பள்ளத்தாக்கு ஊரான ஹார்ப்பர்ஸ்வில்லில் அந்தக் கதையைக் கேட்காத காது கிடையாது. பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் கொட்டகையில் அவர்தான் தலைமை மெக்கானிக். புதிதாக வேலைக்குச் சேருகிறவன், பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, முகத்தில் எண்ணெய் சொட்டச் சொட்ட முதல் வாரத்திலேயே அதைக் கேட்டுவிடுவான்.

கதை இதுதான். வியட்நாம் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். வெர்லினுக்குப் பதினெட்டு வயது. மளிகைக்கடைக்காரரின் புத்தம்புது பிக்கப் வண்டி சாவியோடு நின்றதைப் பார்த்து, கை சும்மா இருக்காமல் கிளப்பிக்கொண்டு போனார். போனவர் நேராக ஓடையில் கொண்டுபோய் இறக்கினார். ஷெரிஃப் வந்து காலரைப் பிடித்துத் தூக்கிப் போனார். கோர்ட்டில் கிழவர் நேப்பியர் நீதிபதி. வெர்லின் நிமிர்ந்து நின்று, "ஆமாய்யா, நான்தான் எடுத்தேன். தப்பு என்னோடது" என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஜெயிலா, பட்டாளமா? நீயே சொல்லுடா."

இந்த இடம் வந்ததும் வெர்லின் நிறுத்துவார். கையிலிருக்கும் ஸ்பானரைத் துணியில் துடைப்பார். கேட்கிறவன், "நீங்க என்னண்ணே சொன்னீங்க?" என்று கேட்டே ஆகவேண்டும். கேட்காவிட்டால் கதை மேலே நகராது.

பட்டாளம் அவரை ஜெர்மனிக்கு அனுப்பியது. சண்டையை அவர் கண்ணால் கண்டதில்லை. டீசல் என்ஜின்களைப் பிரித்துப் போட்டுப் பூட்டியதோடு சரி. அந்தக் கைவேலைதான் பிறகு வீடு கட்டிக் கொடுத்தது, நெல்டாவைக் கட்டிவைத்தது, நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கி நுரையீரலைக் கறுப்பாக்கிக்கொள்ளாமல் காப்பாற்றியது. கூடப் படித்தவர்கள் ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு சர்ச்சுக்கு வரும்போது, இவர் ஐம்பத்தெட்டு வயதிலும் பஸ் டயரை ஒற்றை ஆளாக உருட்டினார். தன்னுடைய நல்லகாலம் முழுவதும் ஒரு வாக்கியத்தில் தொடங்கியதாக அவர் நம்பினார். நிமிர்ந்து நின்று உண்மையைச் சொன்னதால் கடவுளும் அரசாங்கமும் மனம் இரங்கியதாக நம்பினார். அதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

மகன் டால்டன் காலம் தாழ்த்திப் பிறந்த ஒரே பிள்ளை. அவன் பள்ளி முடித்த வருஷம் பள்ளத்தாக்கில் மூன்று சுரங்கங்கள் கதவைச் சாத்தின. பையன்கள் டயர் கடைக்கும் கோழிப் பண்ணைக்கும் அலைந்தார்கள். டால்டன் பட்டாளத்துக்கு எழுதிக் கொடுத்தான். பரீட்சையில் தேறினான், உடல் சோதனையில் தேறினான். ஹெலிகாப்டர் என்ஜின் பழுதுபார்க்கும் பிரிவில் இடம் கிடைத்தது, அக்டோபரில் பயிற்சிக்குப் புறப்பட வேண்டும் என்றார்கள். வெர்லினுக்குத் தலைகால் புரியவில்லை. கொட்டகைக்குப் பெட்டி பெட்டியாக டோநட் வாங்கிப் போனார். நான் தரையில ஓடுற என்ஜினுக்கு வைத்தியம் பார்த்தேன், என் மகன் ஆகாசத்தில் பறக்கிற என்ஜினுக்குப் பார்க்கப்போகிறான் என்று வந்தவன் போனவனிடமெல்லாம் சொன்னார். அப்படியே மேலயே இருந்துறப் போறான், எப்பவாச்சும் கீழ எறங்கி வரச் சொல்லுங்க என்று பெயின்டர் ஒருவன் கிண்டலடித்தான்.

ஜூலையில் எல்லாம் கெட்டது.

கொட்டகைத் தொலைபேசிக்குத்தான் அழைப்பு வந்தது. ஷெரிஃப் ஆபீஸிலிருந்து தெரிந்த பையன் ஒருவன் பேசினான். டால்டனும் அவன் சிநேகிதன் ட்ரென்ட்டும் மூடிக்கிடந்த சுரங்கத்துக்குள் வேலி தாண்டிப் போய், செம்புக் கம்பியை அறுத்து எடுத்துப் பழைய இரும்புக்கடையில் போட்டிருக்கிறார்கள். கடைக்காரன் காட்டிக்கொடுத்துவிட்டான். கம்பியின் மதிப்பு ஐந்நூறு டாலரைத் தாண்டியதால் அது பெருங்குற்றக் கணக்கில் வரும்.

வெர்லின் ரிசீவரை வைக்காமல் அப்படியே நின்றார். எதிர்முனை துண்டித்த பிறகும் காதிலேயே வைத்திருந்தார். பள்ளத்தாக்கில் பாதிப் பேர் அந்தக் கம்பியை அறுத்தவர்கள்தான். ஆனால் அதில் தன் வீட்டுப் பிள்ளை இருப்பான் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. அதுவும் பட்டாளத்துக்குப் பெட்டி கட்டவிருந்த பிள்ளை. எதற்கடா என்று அன்று மாலை கேட்டதற்கு, பயிற்சிக்குப் போவதற்குள் தன் பிக்கப்புக்கு நல்ல டயர் போட்டு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்ததாக டால்டன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

முதல் இடி இறங்கியதும் வெர்லின் மனசு தானாக ஒரு பழைய தடத்தில் போய் நின்றது. இது அவருக்குத் தெரிந்த பாதை. அவர் நடந்த பாதை. அதனால் நெல்டா அழுதபோதும் அவர் அழவில்லை.

பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் சார்ஜென்ட் மெடோஸைப் போய்ப் பார்த்தார்கள். வழக்கு நிலுவையில் இருக்கிறவனை அனுப்ப முடியாது, எப்படியாவது முடித்துக்கொண்டு வாருங்கள், எப்படி முடிகிறது என்பதைப் பொறுத்துப் பேசலாம் என்றார் அவர். கடைசிப் பாதியை வெர்லின் காதில் வாங்கவில்லை. முடிக்க வேண்டும், அக்டோபருக்குள் முடிக்க வேண்டும் என்பது மட்டும் மண்டையில் பதிந்தது.

அரசாங்கம் டால்டனுக்கு ஒரு வக்கீலை நியமித்தது. லீன் ஹாட்சர் என்ற சின்னப் பெண். லெக்சிங்டன் நகரத்துக்காரி, படிப்பை முடித்து இரண்டு வருஷம் ஆகியிருக்கலாம். அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அரசு வக்கீலோடு பேசியிருக்கிறாள். சுரங்கக் கம்பெனிக்கு நஷ்டத்தைக் கட்டிவிட்டு, தண்டனையாகச் சாலையோரம் குப்பை பொறுக்கி, சில மாதம் ஒழுங்காக இருந்தால் இதைச் சிறுகுற்றமாகக் குறைக்க அவர் தயாராக இருக்கிறார். அதன்பிறகு பட்டாளத்தில் விதிவிலக்கு கேட்டு எழுதலாம். அடுத்த வருஷம் போகலாம்.

"அடுத்த வருஷமா? ஹெலிகாப்டர் எடம் அது வரைக்கும் காத்துக்கிட்டு நிக்குமாம்மா?" என்று கேட்டார் வெர்லின்.

நிற்காது என்று அவள் ஒத்துக்கொண்டாள். வேறு ஏதாவது பிரிவு கிடைக்கும் என்றாள். வெர்லின் அப்போதுதான் தன் கதையை எடுத்தார். நேப்பியர் நீதிபதி கண்ணாடியைக் கழற்றிய இடம் வரைக்கும் அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். ஸ்பானர் இல்லாததால் அவர் மேஜையைத் துடைத்தார். அவளோ கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

"அது அந்தக் காலம், மிஸ்டர் ஸ்லோன். இப்ப எந்த நீதிபதியும் ஆளப் பட்டாளத்துக்கு அனுப்ப முடியாது. பட்டாளமும் எடுத்துக்காது. முழுக் குத்தத்தையும் ஒப்புக்கிட்டா கதவு சாத்திக்கும்."

நகரத்துப் பிள்ளை, புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிறது என்று வெர்லின் முடிவு செய்துவிட்டார். ஈராக் சண்டை சூடாக இருந்தபோது மேட்டுத் தெருப் பையன் ஒருவன் பெருங்குற்றத்தோடு பட்டாளத்தில் சேர்ந்தது ஊருக்கே தெரியும். அப்போது ஆள் தேவைப்பட்டது, இப்போது சுரங்கம் மூடி ஊரெல்லாம் வரிசையில் நிற்கிறது என்ற வித்தியாசம் அவருக்குப் படவில்லை. ட்ரென்ட்டின் அம்மா வக்கீல் சொன்னதைக் கேட்டுத் தன் மகனை வாய்தா வாங்க வைத்தாள். அவளைப் பற்றிப் பேசும்போது, பிள்ளையை ஒளித்துவைக்கிறாள் என்றார் வெர்லின்.

வழக்கு நாளன்று காலையில் மகனுக்கு டை கட்டிவிட்டது அவர்தான். கோர்ட் படிக்கட்டில் நிற்கவைத்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார்.

"நிமிந்து நில்லு. ஐயான்னு சொல்லு. யாராச்சும் ஏதாச்சும் வாக்குக் குடுத்தாங்களான்னு கேப்பாரு. எல்லார்கிட்டயும் கேக்குறதுதான், அது ஒரு சடங்கு. இல்லைன்னு சொல்லிரு."

"அந்தம்மா வேற மாதிரி சொல்லுதேப்பா."

"அந்தம்மா பட்டாளத்துக்குப் போயிருக்கா? நான் போயிருக்கேன்."

நீதிபதி கம்ப்டனுக்கு நடுத்தர வயது. கண்ணாடி அணியாதவர். அந்த அறையில் குற்றத்தை ஒப்புக்கொள்கிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விகளை அவர் வரிசையாகக் கேட்டார். படிக்கத் தெரியுமா, மருந்து எதுவும் சாப்பிட்டிருக்கிறாயா, வக்கீலோடு பேசினாயா. பிறகு, இப்படி ஒப்புக்கொள்வதற்கு யாராவது உனக்கு வாக்குக் கொடுத்தார்களா என்று கேட்டார். டால்டன் இல்லை என்றான். லீன் ஹாட்சர் அவன் சட்டைக்கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். நீதிபதி அதைக் கவனித்துவிட்டு, அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். ஏதாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஒப்புக்கொள்கிறாயா? டால்டன் திரும்பி, மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த தகப்பனைப் பார்த்தான். வெர்லின் தலையசைத்தார். இல்லை என்றான் டால்டன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறையும் கேட்டார். இன்னொரு முறையும் இல்லை என்றே பதில் வந்தது.

"சரி. நீ என்ன சொல்ற?"

"ஆமாய்யா, நான்தான் எடுத்தேன். தப்பு என்னோடது."

வெர்லினுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு எழுத்துப் பிசகாமல் தன் வாக்கியம், மகன் வாயில். இனி நீதிபதி அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டியதுதான் என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

நீதிபதி கேட்கவில்லை. ஒரு வருஷச் சிறைத் தண்டனை, அதை நிறுத்திவைத்து ஐந்து வருஷக் கண்காணிப்பு என்று படித்தார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். லீன் ஹாட்சர் திரும்பி வெர்லினைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. சாலையில் அடிபட்டுக் கிடக்கிற நாயைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

அதுவும் வெர்லினுக்குப் புரியவில்லை. ஜெயில் இல்லை என்றால் மிச்சம் இருப்பது பட்டாளம்தானே. மூன்று பேரும் கடைத்தெருவில் உட்கார்ந்து பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டார்கள். நெல்டா முகம் பல நாள் கழித்துத் தெளிந்திருந்தது. சாப்பிட்ட கையோடு அப்பனும் மகனும் சார்ஜென்ட்டைப் பார்க்கக் கிளம்பினார்கள்.

பீட்சாக் கடைக்குப் பக்கத்தில்தான் ஆபீஸ். உள்ளே சுவரில், புறப்படவிருக்கும் பையன்களின் போட்டோக்களை மாதவாரியாக ஒட்டியிருந்தார்கள். அக்டோபர் வரிசையில் டால்டன் சிரித்துக்கொண்டிருந்தான். சார்ஜென்ட் எழுந்து கைகொடுத்தார். எதில் முடிந்தது என்று கேட்டார்.

"முழுசா ஒப்புக்கிட்டான் சார். நிமிந்து நின்னு, ஒரு வார்த்த மாத்தாம ஒப்புக்கிட்டான்" என்றார் வெர்லின், குரலில் பெருமை வழிய.

சார்ஜென்ட் உட்கார்ந்துவிட்டார். குறைக்கவில்லையா, பெருங்குற்றமாகவே விழுந்துவிட்டதா என்று டால்டனைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்றான். ஹாட்சர் உன்னிடம் சொல்லவில்லையா என்றார். சொன்னார்கள் என்றான். சார்ஜென்ட் இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய், சுவரிலிருந்து டால்டனின் போட்டோவைப் பிய்த்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்சநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, கடைசியில் வெர்லினிடமே கொடுத்தார்.

"இனிமே இவன் துப்பாக்கியத் தொடக் கூடாது சார். ஆயுசுக்கும். தொட்டா ஜெயில். அதுதான் சட்டம். துப்பாக்கியத் தொட முடியாதவன நான் எந்தப் பட்டாளத்துக்கு அனுப்புறது?"

வெர்லின் சிரித்தார். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. விளையாடுகிறாரோ என்று சார்ஜென்ட்டின் முகத்தைத் தேடினார். நானே திருடிவிட்டுத்தான் சார் பட்டாளத்துக்குப் போனேன் என்று தொடங்கினார். சார்ஜென்ட் இடைமறிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். வெர்லினுக்குப் பாதியில் குரல் நின்றுபோனது. பக்கத்துக் கடையில் யாரோ பீட்சாவுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது சுவர் வழியாகக் கேட்டது. டால்டன் ஏற்கெனவே வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த வாரம் கண்காணிப்பு அதிகாரி வீட்டுக்கு வந்தாள். நல்ல மாதிரி பேசினாள், காப்பிகூடக் குடித்தாள். டால்டன் இந்த வீட்டில் இருக்கும் வரை இந்த வீட்டில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்றாள். யாருடையதாக இருந்தாலும் சரி. மான் வேட்டை தொடங்கும் நாளில் பள்ளிக்கூடமே பாதி காலியாகும் ஊர் அது. டால்டன் பன்னிரண்டு வயதில் சுட்ட முதல் மானின் கொம்பு இன்னும் வாசலுக்கு மேலே இருந்தது. வெர்லின் துப்பாக்கிகளைப் போர்வையில் சுற்றி, பிணத்தைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டுபோய் மச்சினன் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். தூக்கும்போது ஒரு கை பிடிக்க டால்டன் எழுந்து வந்தான். வந்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியே கையை இழுத்துக்கொண்டு நின்றான். அந்தக் கை நின்ற நிலையை வெர்லின் பார்த்தார். நடந்தது என்ன என்று அவருக்கு உடம்பில் ஏறியது அந்த நிமிஷம்தான்.

லீன் ஹாட்சரிடம் தனியாகப் போய் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நீங்கள் சொன்னதைக் கேட்காதது என் தப்பு, ஏதாவது வழி உண்டா என்றார். மகனுக்காக அவர் யாரிடமும் இப்படி நின்றதில்லை. ஒரு வழி இருக்கிறது, ஆனால் குறுகலான வழி என்றாள். தப்பாகப் புரிந்துகொண்டு ஒப்புக்கொண்டான், அதைத் திரும்பப் பெற அனுமதியுங்கள் என்று நீதிபதியிடம் கேட்கலாம். அனுமதித்தால் வழக்கு முதலிலிருந்து தொடங்கும், சிறுகுற்றமாகக் குறைக்கலாம். அதற்கு வெர்லின் சாட்சிக் கூண்டில் ஏறவேண்டும். டால்டன் எந்தக் கதையை நம்பி ஒப்புக்கொண்டானோ அந்தக் கதையை அங்கே சொல்லவேண்டும்.

"நடந்தத நடந்தபடி சொல்லணும். சத்தியம் பண்ணிட்டுச் சொல்றது" என்றாள்.

"நாப்பது வருஷமா அதத்தானேம்மா சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார் வெர்லின்.

விசாரணை நாளன்று கொட்டகையிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். வெர்லின் பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்தார். லீன் ஹாட்சர் கேட்கக் கேட்க, வண்டியை எடுத்ததையும் ஓடையில் இறக்கியதையும் ஷெரிஃப் பிடித்ததையும் சொன்னார். இதே கதையை மகனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டாள். நடக்கப் பழகினதிலிருந்து என்றார். பின்வரிசையில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

அரசு வக்கீல் எழுந்தார். அவர் சின்ன வயதில் வெர்லின் பழுதுபார்த்த பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போனவர். மரியாதையாகத்தான் கேட்டார்.

"நேப்பியர் நீதிபதி உங்ககிட்ட ஜெயிலா பட்டாளமான்னு கேட்டார். சரி. அதுக்கு முன்னால, குத்தவாளியா இல்லையான்னு கேட்டாரா?"

வெர்லின் வாயைத் திறந்தார். வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. ஆமாய்யா, நான்தான் எடுத்தேன். ஆயிரம் முறை சொன்ன வாக்கியம். ஆனால் சற்றுமுன் பைபிளில் வைத்த கை மடியில் கனமாகக் கிடந்தது. அவர் உள்ளே போய்த் தேடினார். கோர்ட் அறை வரவில்லை. வந்தது நீதிபதியின் பின்பக்கச் சின்ன அறை. புகையிலை வாடை. சர்ச்சுக்குப் போடும் தொப்பியோடு அம்மா. மளிகைக்கடைக்காரர் சுவரோரம் நின்றார், அம்மாவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அம்மாதான் பேசினாள், நீதிபதி அம்மாவிடம்தான் பேசினார். நாளைக்குள் இவன் பட்டாளத்தில் பேர் கொடுத்துவிட்டால் இந்தச் சங்கதி என் மேஜைக்கு வராது என்றார். ஜெயிலா பட்டாளமா என்று அவர் கேட்டதுகூட அம்மாவைப் பார்த்துத்தான். அவர்கள் பேசி முடிக்கும் வரை நாற்காலியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நிமிர்ந்து நின்றது எப்போது வந்து கதைக்குள் ஏறியது? ஜெர்மனியிலா, கொட்டகையிலா? அவருக்கே தெரியவில்லை. வெகுகாலமாக அது அங்கேயே இருந்ததால் நடந்ததாகவே ஆகிவிட்டிருந்தது.

"மிஸ்டர் ஸ்லோன்?"

"கேக்கல" என்றார் வெர்லின்.

"நீங்க ஒப்புக்கிட்டீங்களா?"

"இல்ல."

"அப்படின்னா உங்க மேல வழக்கே பதிவாகல. தண்டனையும் கெடையாது. நீங்க சுத்தமான ஆளாத்தான் பட்டாளத்துக்குப் போயிருக்கீங்க."

திருடனாயிருந்து திருந்தியவன் என்று வாழ்நாள் முழுக்க மார்தட்டியவருக்கு, தான் ஒருநாளும் குற்றவாளியாகவே இருந்ததில்லை என்று அன்றுதான் தெரிந்தது. ஸ்லோன் குடும்பத்தில் கோர்ட்டில் எழுந்து நின்று குற்றத்தை ஒப்புக்கொண்ட முதல் ஆள் அவருடைய மகன். அவனுக்கு முன்னால் யாரும் இல்லை. டால்டன் மேஜையைப் பார்த்தபடியே இருந்தான்.

நீதிபதி கம்ப்டன் முடிவைச் சொல்ல அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அரசாங்கத்தைச் சேர்ந்த யாரும் இந்தப் பையனுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை, வக்கீல் தெளிவாக எச்சரித்திருக்கிறார், வீட்டில் தகப்பன் சொன்ன கதை சட்டத்தின் கண்ணில் வாக்குறுதி ஆகாது என்றார். மனு தள்ளுபடி. பிறகு, எழுதியதைப் படிக்கிற குரலை விட்டுவிட்டு, தணிந்து சொன்னார்.

"அதனாலதான் டால்டன், நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்."

வெளியே வராந்தாவில் ட்ரென்ட் நின்றுகொண்டிருந்தான். அவனுடைய குற்றத்தை அன்று காலையில்தான் குறைத்திருந்தார்கள். சார்ஜென்ட் அடுத்த கோடையில் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறாராம். சொல்ல வந்தவன் டால்டனின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் விழுங்கினான். டால்டன்தான் அவனை இழுத்துக் கட்டிக்கொண்டு முதுகில் தட்டினான். அங்க போயாச்சும் உன் காலக் கழுவுடா, வண்டில உக்கார முடியல என்றான். ட்ரென்ட் சிரிக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தான். அவன் அம்மா வெர்லினைப் பார்த்துவிட்டுக் கைப்பையைத் திறந்து மூடினாள்.

கொட்டகை ஆட்கள் வெர்லினிடம் வரவில்லை. வாகன நிறுத்தத்தில் கூடி நின்று சிகரெட் பிடித்தார்கள். அவர் கடந்து போகும்போது தொப்பி நுனியைத் தொட்டார்கள்.

பிக்கப்பை வெர்லின்தான் ஓட்டினார். ஊர் நடுவில் இருக்கிற ஒரே சிக்னலில் சிவப்பு விழுந்தது. ரேடியோ போடவில்லை. டால்டன் டையை அவிழ்த்து முழங்காலில் சுற்றிக்கொண்டிருந்தான். கோபமாக ஏதாவது கேட்டுவிட மாட்டானா என்று வெர்லின் ஏங்கினார். இரண்டு அடி அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார்.

"அப்ப அன்னைக்கு நீ என்னதான்ப்பா சொன்ன?" என்று கேட்டான் டால்டன். கேலியாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"ஒண்ணும் சொல்லல. அழுதுக்கிட்டிருந்தேன். மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். எங்கம்மாதான் பேசுச்சு."

டால்டன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். அந்தப் பக்கம் வங்கி, அடைத்துக்கிடந்த துணிக்கடை, அதன் கண்ணாடியில் இவர்கள் வண்டி.

"அதச் சொல்லியிருக்கலாமேப்பா" என்றான். "நான் ஒப்புக்கிட்ட அன்னைக்கு நீதிபதி ரெண்டாவது தடவ கேட்டப்ப எனக்கும் அழுகதான் வந்துச்சு. அடக்கிக்கிட்டு நிமிந்து நின்னேன்."

விளக்கு பச்சைக்கு மாறியது. வெர்லினின் கால் பிரேக்கிலேயே இருந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்கவில்லை. அந்த ஊரில் யாரும் அடிக்கமாட்டார்கள். விளக்கு மறுபடி சிவப்பாகும் வரை எல்லோரும் அப்படியே நின்றார்கள்.